வெள்ளம் சூழ்ந்த ஊரில் 500 பேருக்குச் சோறு: நிவாரணச் சமையற்கூடம் நடத்தும் முறை

வெள்ளக் காலத்தில் கொடுக்கும் சோறு கெட்டுப்போவது பெரும்பாலும் அடுப்பில் இல்லை. அண்டாவை இறக்கிய பிறகு, பொட்டலம் ஒருவர் கைக்குப் போய், அவர் அதைப் பிரித்துச் சாப்பிடும் வரைக்கும் உள்ள நேரத்தில்தான் கெடுகிறது. அதனால் இந்த வேலையில் மனப்பாடமாக இருக்க வேண்டிய முதல் கணக்கு இது: இறக்கியதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சோறு வாய்க்குப் போக வேண்டும். எத்தனை பேருக்குச் சமைப்பது, எங்கே சமைப்பது, எந்தச் சாதம், எந்த வண்டி என்ற எல்லா முடிவையும் இந்த 4 மணி நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

காரணத்தைக் குழுவில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அரிசியில் இயல்பாகவே ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை சும்மா கிடக்கும்; வெதுவெதுப்பாக ஆறியதும் பெருகத் தொடங்கும். அவை கக்கும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. மதியம் மிஞ்சியதைச் சூடாக்கி இரவுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்க வேண்டியது இதனால்தான். கழிப்பறையே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், பட்டினியை விட அது பெரிய ஆபத்து.

அடுப்பு எங்கே

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ. தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது. வெளியிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர் மக்கள். தங்கள் ஊரும் மழையில் தவித்துக்கொண்டிருந்தபோதே செய்தார்கள். அடுத்து அடுப்பு மூட்டப் போகிற எல்லாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தூரத்தைப் பற்றியது. 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன அடுப்பு, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய மண்டபத்தை விட மேல். தண்ணீர் நிற்கும் சாலையில் 60 கிலோமீட்டர் என்பது நாலைந்து மணி நேரம் ஆகிவிடும்.

புதிதாக அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், ஏற்கனவே எரிகிற அடுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹோசே ஆந்த்ரேஸ் என்ற சமையற்கலைஞர் 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் தொடங்கிய வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் வழி இதுதான். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, அந்தத் தீவில் இருந்த உணவகங்களையும் சமையற்காரர்களையும் சேர்த்துக்கொண்டு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளைச் சமைத்தார்கள். நம் ஊரில் அதற்கு ஈடானவை மெஸ், கேட்டரிங் கூடம், கல்யாண மண்டபம், கோயில் மடைப்பள்ளி, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடம், பள்ளிச் சத்துணவுக் கூடம். அங்கே பாத்திரம், அடுப்பு, சாக்கடை வசதி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாஸ்டர் இருப்பார். வீட்டில் அருமையாகச் சமைப்பவர் 20 கிலோ அரிசி அண்டா முன்னால் தடுமாறிப் போவார். அது வேறு தொழில். நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துப் பழகிய ஒரு மாஸ்டரைக் கூலி கொடுத்தே அழைத்து வாருங்கள். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கலாம், அவருக்கும் அன்றாடப் பிழைப்பு இருக்கிறது. சேவை என்ற பெயரில் அவர் கூலியைப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

இடத்தை முடிவு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். தரை மட்டம் சாலையை விட உயரமாக இருக்க வேண்டும். லாரி வந்து திரும்ப இடம் வேண்டும். கழுவிய தண்ணீர் சமைக்கும் இடத்துக்கே திரும்பி வரக் கூடாது. சிலிண்டரைத் தண்ணீர் ஏறக்கூடிய அடித்தளத்தில் வைக்காதீர்கள். கசிந்த எரிவாயு காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு வேளைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் இரண்டு கையில் இருக்கட்டும், ஒன்று எரிய, ஒன்று மாற்ற. சாலை அடைபட்டால் சிலிண்டர் வராது என்பதால் முதல் நாளே அடுத்த நாளுக்கானதையும் வாங்கிவிடுங்கள். ஈர விறகை நம்ப வேண்டாம்.

எண்ணிக்கை

அரிசி வாங்குவதற்கு முன் தலைகளை எண்ண வேண்டும். “ஏரியா முழுக்கப் பசியா இருக்காங்க, ஆயிரம் பொட்டலம் அனுப்புங்க” என்று வரும் அழைப்பை மட்டும் வைத்துச் சமைத்தால், ஒரு தெருவுக்கு மூன்று குழு போய்ச் சேரும், அடுத்த தெருவுக்கு ஒருவரும் போக மாட்டார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அவர்களிடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும், வார்டு உறுப்பினரிடமும் எந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, உங்களுக்கென்று ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே போகாதீர்கள். குறைவான தெருக்களுக்கு மூன்று வேளையும் தவறாமல் கொடுப்பது, பத்து ஊருக்கு ஒரு வேளை கொடுப்பதை விட நல்லது. அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை வீடு, எத்தனை பேர், மாடியில் தங்கியிருப்பவர்கள் யார், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், பல் இல்லாத முதியவர்கள், நடக்க முடியாமல் தனியாக இருப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குப் பொட்டலம் வண்டிக்கே வந்து வாங்கும் முறையில் போய்ச் சேராது. அவர்களுக்குத் தனிப் பட்டியல், தனி ஆள்.

பட்டியலில் எப்போதும் விடுபட்டுப் போகும் இரண்டு கூட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல ஊர்களில் தலித் குடியிருப்பும் இருளர் குடிசைகளும் ஏரிக்கரை, ஓடைக்கரை என்று தாழ்வான ஓரத்தில்தான் இருக்கின்றன. தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும், வடிவது கடைசியில். நிவாரண வண்டியோ மெயின் ரோட்டிலேயே காலியாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் சாதி பார்த்துப் பிரித்தது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் பகிர்மானத்தை அந்த ஓரத்தில் தொடங்கி மெயின் ரோட்டை நோக்கி வாருங்கள். இன்னொரு கூட்டம், கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். ரேஷன் கார்டு வைத்து எண்ணினால் அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். இந்தி தெரிந்த ஒரு தன்னார்வலர் அங்கே ஒருமுறை நேரில் போய் வரட்டும்.

எண்ணிய தொகைக்கு மேல் 10 சதவீதம் கூட்டிச் சமையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

என்ன சமைப்பது

முதல் சில மணி நேரத்தில், அடுப்பு தயாராகும் வரை, பன், பிஸ்கட், வாழைப்பழம், குடிதண்ணீர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதன்பிறகு காலையில் ரவை உப்புமா, மதியம் சாம்பார் சாதம், இரவுக்குப் புளிச்சாதம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. இருட்டிய பிறகு தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்பதால் இரவுச் சாப்பாட்டை மாலை 5 மணிக்கெல்லாம் கொடுத்து முடிக்க வேண்டியிருக்கும். மக்கள் அதை உடனே சாப்பிட மாட்டார்கள்; ஆனாலும் 4 மணி நேரக் கணக்கைச் சொல்லி அதற்குள் சாப்பிட வைக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கக்கூடியது புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சாதம்தான், ஏனென்றால் புளிப்பு கிருமி பெருகுவதை மட்டுப்படுத்தும். சாம்பார் சாதத்தில் ஈரமும் பருப்பும் காய்கறியும் இருப்பதால் சீக்கிரம் ஊசும், அதைச் சூட்டோடு கொடுத்துச் சூட்டோடு சாப்பிட வைக்க வேண்டும். தேங்காய் சேர்த்த எதையும், குறிப்பாகச் சட்னியை, பொட்டலத்தில் அனுப்பாதீர்கள். தயிர்சாதம் முகாமில் உட்கார வைத்துப் பரிமாறுவதாக இருந்தால் மட்டும். கீரையும் வேண்டாம். முருங்கைக்காயும் வேண்டாம், மின்சாரம் இல்லாத வீட்டில் இருட்டில் ஒரு குழந்தை அதைச் சாப்பிடுவதை நினைத்துப் பாருங்கள்.

அவித்த முட்டை நல்ல துணை. ஓட்டை உரிக்காமல் கொடுங்கள். உரித்ததும் அது கைபட்ட பண்டமாகிவிடுகிறது.

500 பொட்டலத்துக்கான அளவு, கொஞ்சம் சிந்துவதையும் சேர்த்து:

சாம்பார் சாதம், பொட்டலம் 450 கிராம்: அரிசி 40 கிலோ, துவரம்பருப்பு 16 கிலோ, காய்கறி 20 கிலோ (பூசணி, கேரட், பீன்ஸ், உருளை), சின்ன வெங்காயம் அல்லது பெரிய வெங்காயம் 6 கிலோ, தக்காளி 6 கிலோ, புளி 2 கிலோ, சாம்பார் பொடி ஒன்றே முக்கால் கிலோ, உப்பு 2 கிலோ, எண்ணெய் 3 லிட்டர், மஞ்சள்தூள், பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை. தண்ணீர் ஏறத்தாழ 230 லிட்டர்.

புளிச்சாதம், பொட்டலம் 350 கிராம்: அரிசி 60 கிலோ, புளி 6 கிலோ, நல்லெண்ணெய் 6 லிட்டர், நிலக்கடலை 3 கிலோ, கடலைப்பருப்பு ஒன்றரை கிலோ, உப்பு ஒன்றரை கிலோ, வறமிளகாய், வெந்தயம், பெருங்காயம், மஞ்சள்தூள். அரிசி அளவு சாம்பார் சாதத்தை விட அதிகமாக இருப்பதைக் கவனியுங்கள். அங்கே பருப்பும் காயும் தண்ணீரும் சேர்ந்து எடையைத் தருகின்றன, இங்கே சோறு மட்டும்தான். இதை மறந்து இரண்டுக்கும் 40 கிலோ போட்டால் ஏறக்குறைய 150 பேருக்கு இரவுச் சாப்பாடு இருக்காது.

உப்புமா: ரவை 40 கிலோ, தண்ணீர் 110 லிட்டர், எண்ணெய் 5 லிட்டர். ரவையை முந்தின இரவே வறுத்து வைத்துவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம்.

புழுங்கல் அரிசியையே வாங்குங்கள். புளிச்சாதத்துக்கு உதிரியாக நிற்கும், குழையாது. பல வீடுகளிலிருந்து சேர்த்த அரிசியை ஒரே அண்டாவில் கொட்டாதீர்கள். பச்சரிசியும் புழுங்கலும், பழையதும் புதியதும் வேகும் நேரம் வேறு. ஒரு பாதி கூழாகும்போது மறுபாதி நறுக்கென்று நிற்கும். நன்கொடையாக வரும் கலப்பு அரிசியை வகை பிரித்துத் தனி மூட்டையாக வைத்து, பிறகு கஞ்சிக்குப் பயன்படுத்தலாம். முதியவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் எப்படியும் ஒரு சின்ன அண்டா கஞ்சி, காரமில்லாமல், வேண்டும்.

தண்ணீர்

சமைக்க, கழுவ, குடிக்க என்று ஒரு வேளைக்கு 1000 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் புகுந்த கிணறு, நிலத்தடித் தொட்டி இரண்டையும் தொட வேண்டாம், சாக்கடை கலந்திருக்கும். லாரித் தண்ணீரையும் அப்படியே நம்பாமல் குளோரின் போடுங்கள். தெளிந்த தண்ணீராக இருந்தால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். வெள்ளக் காலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சமமாக வழித்த ஒரு தேக்கரண்டி போடலாம். தூளை நேராகத் தொட்டியில் கொட்டாமல், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து லேசாக குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் பாதி அளவு மறுபடி. திறந்து கிடந்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், அதனால்தான் அளவு சரியாகப் போட்டும் வாடை வராமல் போகிறது. கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் படிகாரம் போட்டுத் தெளிய விட வேண்டும்.

எண்ணெயோ ஆலைக் கழிவோ கலந்த தண்ணீரை எந்தப் பவுடரும் மீட்காது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதை நினைவில் வைத்து, தொழிற்சாலைப் பகுதிகளில் வெளியிலிருந்து கேன் தண்ணீர்தான்.

வீடுகளுக்கு குளோரின் மாத்திரை கொடுத்தால், 0.5 கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு என்று வாயாலும் சொல்லிக் கொடுங்கள். ஒரு குடத்துக்கு ஒன்று போட்டால் வாடை தாங்காமல் கொட்டிவிடுவார்கள், பிறகு வெள்ளத் தண்ணீரையே குடிப்பார்கள்.

அண்டா முன்னால்

10 கிலோ அரிசி சாம்பார் சாதத்துக்கு 80 முதல் 100 லிட்டர் பிடிக்கும் அண்டா வேண்டும். 40 கிலோவுக்கு நான்கு அண்டா. நான்கையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் இருபது இருபது நிமிட இடைவெளியில் ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் நான்கும் இறங்கினால் நான்காவது அண்டா பொட்டலம் கட்டும் வரிசைக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கும். உங்கள் 4 மணி நேரத்தில் அது கால்பங்கு.

பருப்பை மஞ்சளும் துளி எண்ணெயும் சேர்த்துத் தனியாகக் குழைய வேக வையுங்கள். பருப்பும் காயும் அரிசியும் முழுக்க வெந்த பிறகுதான் புளிக்கரைசல். புளிப்பு முன்னால் போய்விட்டால் பருப்பும் காயும் எத்தனை நேரம் எரித்தாலும் மசியாது, எரிவாயுதான் தீரும். புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாடை போகப் பத்து நிமிடம் கொதித்ததும் பொடி, உப்பு, தாளிப்பு.

உப்புப் போடும் உரிமை ஒரே ஒருவருக்கு. தன்னார்வலர் கூட்டத்தில் இது பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் அன்போடு மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போட்ட அண்டாவை யாராலும் காப்பாற்ற முடியாது.

அடிப்பிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதைக் கிளறாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டிய நொடியில் தீய்ந்த வாடை முழுக்க ஏறிவிடும். இறக்கும்போது சாம்பார் சாதம் கொஞ்சம் தண்ணியாகத் தெரிய வேண்டும். 11 மணிக்குத் தளர இருப்பது 1 மணிக்குச் சரியாக இருக்கும். 11 மணிக்குச் சரியாக இருப்பது 1 மணிக்குக் கட்டியாகித் தொண்டையில் நிற்கும், குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில்.

புளிச்சாதத்துக்குச் சோற்றை வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் மெல்லிய பரப்பாகக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு 20 நிமிடம் ஆவி போக விடுங்கள். ஆவியோடு கட்டினால் பொட்டலத்துக்குள் வியர்த்து, அந்த ஈரத்தில்தான் ஊசல் தொடங்கும். ஆறட்டும் என்று குவியலாக விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்; பரப்புவது அதனால்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் சீழ்ப்புண் உள்ளவர்களை அன்று சமையல் பக்கம் விடாதீர்கள், அவர்கள் போன் எடுக்கலாம், கணக்கு எழுதலாம். கையுறை போட்டுக்கொண்டு பணம் எண்ணி, செல்போன் பார்த்து, அதே கையால் சோறு அள்ளுவதற்குக் கையுறை இல்லாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எவ்வளவோ மேல். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு கிண்ணம் எடுத்து, தேதி, நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் ஊகத்தில் அலையாமல் சோதிக்க அது ஒன்றுதான் ஆதாரம்.

பொட்டலம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பைக்கும் தடை இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தத் தாள்கள்தான் வடிகாலில் போய் அடைத்து அதே தெருவில் தண்ணீரை நிறுத்தும். அனலில் வாட்டிய வாழை இலை, அதன்மேல் பழுப்புத் தாள், நூல். வாட்டாத இலை மடக்கும்போது கிழியும். செய்தித்தாளில் சோறு படக் கூடாது, மையில் உள்ள ரசாயனம் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் இளகிச் சோற்றில் இறங்கும். படகில் போக வேண்டிய பொட்டலங்களுக்கு மட்டும் மூடியுள்ள அலுமினியப் பெட்டி வாங்குங்கள், வெள்ளத் தண்ணீர் ஒரு துளி தெறித்தாலும் இலைப் பொட்டலம் வீண்.

இலை போடுபவர், அள்ளி வைப்பவர், மடிப்பவர், கட்டுபவர் என்று நால்வர் ஒரு வரிசை. பழகிய வரிசை மணிக்கு 250 பொட்டலம் வரை கட்டும். இரண்டு வரிசை இருந்தால் 500-ஐ ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். முதல் நாள் இதில் பாதி வேகம்தான் வரும், அதற்கேற்ப ஆள் வையுங்கள். அள்ளுவதற்கு ஒரே அளவுக் கிண்ணம். கண்ணளவில் அள்ளினால் முதல் நூறு பொட்டலம் குண்டாகவும் கடைசி நூறு சப்பையாகவும் இருக்கும். பொட்டலத்தின் மேல் பேனாவில் “பகல் 2 மணிக்குள் சாப்பிடவும்” என்று நேரம் எழுதுங்கள். அமைப்பின் பெயரையும் படத்தையும் ஒட்டுவதற்கு ஆகும் நேரத்தில் இதை எழுதி முடித்துவிடலாம்.

கொண்டுபோய்க் கொடுப்பது

மீன் கூடைகளாகப் பயன்படும் பிளாஸ்டிக் கிரேட்டுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, 40 பொட்டலம் வீதம் அடுக்கித் தார்ப்பாய் மூடுங்கள். சாக்கில் கொட்டினால் அடியில் உள்ளவை நசுங்கும். கார் வேண்டாம், டிராக்டர், டிப்பர், படகு. 2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து மக்களை மீட்டார்கள். தண்ணீரின் போக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். படகு ஓட்டுபவர் “இதுக்கு மேல போகக் கூடாது” என்றால் அதுதான் முடிவு. கேட்காமலே அவருக்கு டீசல் காசும் நாள் கூலியும் கொடுங்கள்.

இறங்கி நடப்பவர்கள் எப்போதும் இருவராக, கையில் கம்பு ஊன்றி, தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மூடி பெயர்ந்த சாக்கடைக் குழி தண்ணீருக்கடியில் தெரியாது. அந்தப் பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று மின்வாரியத்திடம் கேட்டு உறுதி செய்யாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். காலில் புண் இருந்தால் போகவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதில் உடம்பில் ஏறும். தண்ணீரில் தினமும் இறங்குபவர்கள் அதற்கான தடுப்பு மாத்திரை பற்றி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள்.

வண்டியிலிருந்து பொட்டலத்தை வீசாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் இறங்கி, கையில் கொடுங்கள். வீசினால் இளைஞர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், அதைவிட, வீடும் பொருளும் இழந்து நிற்கும் ஒருவரை அது இன்னும் சிறுமைப்படுத்தும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனி வரிசை. வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். நன்கொடையாளர்களுக்குக் காட்ட அண்டாவும், அடுக்கிய கிரேட்டும், பில்லும் போதும்.

கொடுக்கும்போதே அடுத்த வேளை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். காலிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்க ஒரு சாக்கும் கொண்டுபோங்கள்.

கைக்குழந்தைகள்

பால்பவுடரையும் பால்புட்டியையும் எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கும் வழக்கம் நல்லெண்ணத்தில் நடக்கும் பெரும் தவறு. சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்த பவுடர், கழுவ முடியாத புட்டி, இரண்டும் சேர்ந்து குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் மாற்றுப் பொருள்களை இலவசமாக வழங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. தாய்க்கு ஒரு பொட்டலம் கூடுதலாகவும், குடிக்க நல்ல தண்ணீரும், மறைவாக உட்கார இடமும் கொடுத்தால் குழந்தைக்குக் கொடுத்ததாகும். தாய் இல்லாத, ஏற்கனவே பவுடர் குடிக்கும் குழந்தையை செவிலியர் மூலம் தனியாகக் கவனியுங்கள்; புட்டிக்குப் பதில் கிண்ணமும் ஸ்பூனும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் 200 மில்லிக்கானதும் கடையில் உண்டு. மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லிக் கொடுங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் நிலை இன்னும் மோசமாகும்.

பணம்

முதல் ரூபாய் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு, ஒரு பில் கோப்பு, சமையலில் கலந்துகொள்ளாத ஒரு கணக்காளர். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், அன்றிரவே படம் எடுத்துக் குழுவில் போடுவது. தனி ஒருவரின் சம்பளக் கணக்குக்கு யுபிஐ மூலம் பணம் வாங்காதீர்கள், இருவர் கையெழுத்துள்ள தனிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சொந்தங்கள் நன்கொடை அனுப்பக் கேட்டால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. அவர்களைப் பதிவு உள்ள அமைப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய துணி கேட்காதீர்கள். கேட்காமலே மலைபோல் வந்து சேரும், பிரிப்பதற்கே பத்து ஆள் போய்விடும். தேவை நிறைந்ததும் “போதும், இனி அனுப்ப வேண்டாம்” என்று அறிவியுங்கள்.

எப்போது நிறுத்துவது

வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருபவர் யாராக இருந்தாலும் சோறு என்பது அங்கே நிரந்தர ஏற்பாடு. அரிசி வந்துகொண்டே இருக்க வழியும் உண்டு. நிவாரண அடுப்பு அந்த அன்பிலிருந்து பிறந்தாலும் அதன் வேலை வேறு: மக்கள் தங்கள் அடுப்பை மறுபடி பற்றவைக்கும் நாள் வரை மட்டும். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, ஒரு தெருவில் பாதி வீடுகளில் புகை தெரிந்ததும் பொட்டலத்தைக் குறைத்து மளிகைப் பையாக மாற்றுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு: அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, புளி கால் கிலோ, சாம்பார் பொடி, டீத்தூள், தீப்பெட்டி, குளியல் சோப்பு, துணி சோப்பு, நாப்கின் இரண்டு பாக்கெட், பிளீச்சிங் பவுடர் அரைக் கிலோ. அடுப்பே அடித்துக்கொண்டு போன வீட்டுக்கு அரிசி மட்டும் கொடுத்துப் பயனில்லை; ஒற்றை பர்னர் அடுப்பும் இரண்டு பாத்திரமும் சேர்த்துக் கொடுங்கள்.

நிறுத்தப் போகும் நாளை இரண்டு நாள் முன்னதாகவே தெருவில் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கையில் ஒப்படையுங்கள். வாடகைப் பாத்திரத்தைக் கழுவி, எண்ணி, ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். மிஞ்சிய அரிசியையும் பருப்பையும் எடை போட்டு, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நோட்டின் கடைசி வரியில் எழுதி, மொத்தக் கணக்கையும் நன்கொடை கொடுத்த எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.